போர் வரலாற்றில் குழு ஆய்வு: நாலு பேரும் ஒரே கேள்வியைத் தோண்டுங்கள்

1942இல் பிரிட்டிஷார் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்ததை நினைவுகூரும் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு நாள் முடிந்த மறுவாரமே வகுப்பில் குழுக்கள் பிரிந்துவிடும். "டீச்சர், நாங்க வேர்ல்ட் வார் டூ எடுக்கிறோம்" என்பார்கள். அதில் எந்தப் பகுதி என்று கேட்டால், "முழுசும்தான்." பிறகு வேலையைப் பங்கு போடுவார்கள். ஒருவருக்குப் போரின் காரணங்கள், ஒருவருக்கு ஜப்பானியப் படையெடுப்பு, ஒருவருக்கு மக்கள் பட்ட பாடு, நாலாமவருக்கு முடிவுரையும் படங்களும். ஆளுக்கு ஐந்து ஸ்லைடு. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒட்டி முடிப்பார்கள். இதைக் குழு ஆய்வு என்று நான் ஏற்பதில்லை. நாலு தனி ஒப்படைப்புகளுக்கு ஒரே அட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்புக் குழுக்களை எப்படி நடத்துகிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன். உயர்நிலை இரண்டு, மூன்று படிக்கும் பிள்ளைகளை நினைத்து எழுதினாலும் பெற்றோரும் படிக்கலாம். படித்துவிட்டு நீங்களே செய்துகொடுத்துவிடாதீர்கள். பதினாலு வயதுப் பிள்ளை எழுதியது எது, அப்பா எழுதியது எது என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

ஒரு நாள், ஓர் இடம், ஒரு கேள்வி. இந்த மூன்றும் கையில் இல்லாமல் யாரும் மடிக்கணினியைத் திறக்க வேண்டாம்.

"இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் இந்தியர்கள்" என்று எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் கண்டுபிடிக்க எதுவுமில்லை, எடுத்து எழுதத்தான் இருக்கிறது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களிடம் யார் என்ன சொன்னார்கள்? கேட்டவர்களுக்கு எவ்வளவு விளங்கியிருக்கும்?

பிரிட்டிஷார் சரணடைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திடலில் கூடியவர்கள் சுமார் 45,000 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் தரப்பில் லெப்டினன்ட் கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைக்கிறார். ஜப்பானிய உளவுப்பிரிவு அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசுகிறார். அது ஆங்கிலமாகி, அப்புறம் இந்துஸ்தானியாகிக் கூட்டத்துக்குப் போகிறது. அடுத்து பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த கேப்டன் மோகன் சிங் பேசுகிறார், ஜப்பானியர் ஆதரவோடு பிரிட்டிஷாரை எதிர்க்கும் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேரச் சொல்கிறார். இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: "கூட்டத்துல தமிழ்ச் சிப்பாய் யாராச்சும் இருந்திருந்தா, அவருக்கு என்ன புரிஞ்சிருக்கும்?" ஒலிபெருக்கி எவ்வளவு தூரம் எட்டியிருக்கும்? பின்வரிசையில் நின்றவர் பக்கத்து ஆள் சொன்னதைக் கேட்டு முடிவெடுத்தாரா? பாடப்புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. அந்தக் குழுவுக்கு மூன்று மாத வேலை அங்கேயே கிடைத்துவிட்டது.

வேறு சில கேள்விகளும் சொல்கிறேன். 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியபோது சேர்ந்த பெண்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள்? (படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி பெயர் எல்லாருக்கும் தெரியும். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களைப் பற்றித் தேடுங்கள்.) எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த ஆண்டே இடித்தது ஏன்? அதே இடத்தில் 1995இல் அடையாளக்கல் வைக்கப்பட்டதே, நடுவில் ஐம்பது ஆண்டுகள் அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?

"சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலைப் பார்த்துத் தப்பான திசையில் இருந்தனவா" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான பீரங்கிகளை நிலத்துப் பக்கமும் திருப்ப முடிந்தது. இருந்த குண்டுகளில் பெரும்பகுதி கப்பலைத் துளைக்கச் செய்தவை. விடை தெரிந்த கேள்வியை வருடா வருடம் ஆராய்வதில் எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது.

வேலையை எப்படிப் பிரிப்பது

காலவரிசையாகப் பிரிக்காதீர்கள், சான்று வகையாகப் பிரியுங்கள். நாலு பேருக்கும் அதே கேள்விதான். ஒருவர் அந்தக் காலப் பத்திரிகைகள், ஒருவர் வாய்மொழிப் பதிவுகள், ஒருவர் ராணுவ ஆவணங்களும் வரைபடங்களும் கல்லறைப் பதிவுகளும், ஒருவர் பல ஆண்டு கழித்து எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளும் ஆய்வு நூல்களும். இப்படிப் பிரித்தால் இரண்டாம் வாரமே சண்டை வரும். "என் ஆள் இப்படிச் சொல்றாரே" "என் பேப்பர்ல அப்படி இல்லையே" என்று இழுத்துக்கொள்வார்கள். அந்தச் சண்டைதான் ஆய்வு. காலவரிசையாகப் பிரித்த குழுவில் யாரும் யாரோடும் முரண்பட வாய்ப்பே இல்லை, ஏனென்றால் மற்றவர் எழுதியதை யாரும் படிப்பதில்லை.

மாதம் ஒருமுறை சான்றுகளை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பத்திரிகை பார்த்தவர் எடுத்த குறிப்பை வாய்மொழிப் பதிவு கேட்டவர் எழுந்து நின்று விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் குறிப்பில் கோளாறு. எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும் பிள்ளை ஒன்று எல்லாக் குழுவிலும் இருக்கும். பேச வேண்டிய முறை மற்றவர்களுக்கு வரும் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையின் தோளில் தொங்குவது தானாகக் குறையும்.

பத்திரிகை: பெரிய எழுத்தை விட்டுச் சின்ன எழுத்தைப் பாருங்கள்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே நிறையப் பார்க்கலாம். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்த சியோனான் டைம்ஸ் முதல் இதழ் 1942 பிப்ரவரி 20. ஆனால் அந்த ஆண்டு இதழ்களின் தலைப்பில் 2602 என்று போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கு அது. 660ஐக் கழித்துக்கொள்ளுங்கள். சில ஆவணங்களில் ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டாக ஷோவா 17 என்று வரும், அதுவும் 1942தான். இதைச் சொல்லாமல் விட்டால் "அச்சுப்பிழை" என்று அடிக்குறிப்பு எழுதிவிடுவார்கள்.

அந்தப் பத்திரிகை ஆட்சியாளர் கையிலிருந்த பத்திரிகை. தலைப்புச் செய்தியைப் படித்து "மக்கள் மகிழ்ச்சியாக இருந்தனர்" என்று எழுதுபவர்களும் உண்டு, "எல்லாம் பொய்" என்று மூடி வைப்பவர்களும் உண்டு. இரண்டும் சோம்பேறித்தனம். மூலையில் வரும் பங்கீட்டு அறிவிப்பு, விலைக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை, ஜப்பானிய மொழி வகுப்பு விளம்பரம், காணாமற்போனவரைத் தேடும் வரி விளம்பரம், இவற்றைப் படியுங்கள். அதிக விலைக்கு விற்றால் தண்டனை என்று திரும்பத் திரும்ப அறிவித்தால், அதிக விலைக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். ஆனால் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மற்றக் குழுக்கள் தொடாத இடத்துக்கு நீங்கள் போகலாம். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு ஆக்கிரமிப்பின்போது நின்றுபோனது. போருக்கு முந்தைய இதழ்களையும் பிந்தைய இதழ்களையும் எடுத்து, எதைப் பற்றி எழுதினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பழைய தமிழ் அச்சைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படிக்கும். சொல்லைத் தட்டித் தேடி "ஒன்னும் வரல" என்று எழுந்துவிடாமல், தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். 1942இல் சரணடையும்வரை சிங்கப்பூர் நேரத்துக்கும் தோக்கியோ நேரத்துக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்த அன்று, சண்டை நிறுத்தம் பிரிட்டிஷ் கணக்கில் இரவு 8.30, ஜப்பானியக் கணக்கில் 10 மணி. இரண்டும் ஒரே நேரம். "சான்றுகள் முரண்படுகின்றன" என்று எழுதும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். போருக்குப் பேர்ல் ஹார்பர்தான் தொடக்கம், மலாயா அதற்குப் பிறகு என்று எழுதுவதும் இப்படித்தான். ஹவாயில் 1941 டிசம்பர் 7, இங்கே 8 என்று தேதி மாறியிருப்பதால் வரும் மயக்கம். மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே.

வாய்மொழி: கேட்பதற்குப் பொறுமை வேண்டும்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி 1980களிலிருந்து பேட்டிகள் எடுத்து வைத்திருக்கிறது. ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் தேடலாம். பல பேட்டிகளை அங்கேயே கேட்கலாம். தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பேட்டிக்கும் ஒரு பதிவு எண், அதற்குள் ரீல் ரீலாகப் பிரித்திருப்பார்கள். குறிப்பு எடுக்கும்போது பதிவு எண், ரீல், எத்தனையாவது நிமிடம், மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இல்லாத பேட்டிக்கும் அது அழகாக ஒரு எண் தரும். நான் அந்த ரீலைத் திறந்து பார்ப்பேன்.

சொந்தமாகப் பேட்டி எடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. 1942 நினைவிருக்கும் ஒருவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. அப்படி ஒருவர் உங்கள் புளோக்கிலோ கோயிலிலோ இருந்தால் வீட்டார் அனுமதி வாங்கி, காலை நேரத்தில், இருவர் மட்டும் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் பதிவைப் பார்த்துக்கொள்ள. ஐந்து பேர் போனால் பாட்டி எல்லாருக்கும் தே கலக்கவே எழுந்துவிடுவார்.

"போர்க்காலத்தில் எப்படி உணர்ந்தீர்கள்?" என்று யாரும் கேட்க வேண்டாம். "பயமா இருந்துச்சு" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். "பாட்டி, அப்ப வீட்டுல யாரு சமைச்சா? தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? சைரன் அடிச்சா எங்க ஓடுவீங்க? செருப்பு இருந்துச்சா?" என்று கேளுங்கள். கையில் ஒரு பழைய வாழைமர நோட்டு, அதாவது ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளியின் படம், இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பார்த்ததும் வரும் பேச்சைத் தடுக்காதீர்கள். பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறது என்று பாதியில் திருத்தவே கூடாது. அழுதால் பதிவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள்.

பேசியதை எழுதும்போது பேச்சுத்தமிழாகவே எழுதுங்கள். "சப்பான்காரன் வர்றப்ப எனக்கு முன்பல்லு விழுந்துக்கிட்டிருந்துச்சு" என்று ஒரு பாட்டி சொன்னால், அதை "எனது சிறுவயதில் ஜப்பானியர் வந்தனர்" என்று மாற்றிவிட்டீர்களானால் சான்றே போயிற்று. முன்பல் விழும் வயது ஆறு, ஏழு. அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த ஆண்டு அந்தக் காலத்தில் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். பல் குத்துமதிப்பாக விழாது.

நேரில் பார்த்தவர் கிடைக்காவிட்டால் அவர் பிள்ளைகளிடம் கேட்கலாம். ஆனால் அது கேள்விப்பட்ட கதை என்று அறிக்கையில் தெளிவாகப் போட வேண்டும். அப்பா எப்போது இந்தக் கதையைச் சொன்னார், தீபாவளிக்கா, குடித்திருந்தபோதா, தொலைக்காட்சியில் ஏதோ பார்த்துவிட்டா, அதையும் கேளுங்கள். ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குப் போன குடும்பங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாம் கைக் கதைதான் மிஞ்சியிருக்கிறது.

கிராஞ்சிக்கு ஒரு காலை

ஆய்வு கிட்டத்தட்டப் பாதியை எட்டியதும் எல்லாரும் ஒருநாள் வெளியே போக வேண்டும். பழைய ஃபோர்ட் தொழிற்சாலை, சாங்கி தேவாலய அரும்பொருளகம், புக்கிட் சந்து என்று நிறைய இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் கிராஞ்சி போர்க் கல்லறைதான். எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், மேட்டில் நிழல் குறைவு.

நுழைந்ததும் செல்ஃபி எடுக்காமல் மேலே நினைவுச்சின்னத்துக்குப் போங்கள். உடல் கிடைக்காமற்போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தூண் தூணாகச் செதுக்கியிருக்கும், படைப்பிரிவு வாரியாக. பஞ்சாப், டோக்ரா, கர்வால், கூர்க்கா என்று தொடரும் இந்தியப் படைப் பெயர்களில் ஆளுக்கு ஒரு பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கம் தகன நினைவுச்சின்னம் இருக்கிறது. அவரவர் சமய முறைப்படி இறுதிச்சடங்கு செய்யப்பட்டவர்களுக்கானது. சுமார் 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். பள்ளிச் சுற்றுலாவில் வரும் பலர் அந்தப் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். படைப்பிரிவு, இறந்த தேதி, பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். தேதியைக் கவனித்தால் சில விஷயம் பிடிபடும். 1942 பிப்ரவரிக்கு முன் என்றால் போரில் இறந்தவர். 1944 என்றால் எங்கே எப்படி? ஐஎன்ஏவில் சேர மறுத்த இந்தியக் கைதிகளில் பலர் கப்பலேற்றி நியூகினி பக்கம் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபேரர் பார்க் கேள்வியை எடுத்த குழுவுக்கு அன்று திடலில் நின்று "இல்லை" என்று சொன்னவர்களைத் தேட இதுவே வழி. அவர்கள் நினைவுக்குறிப்பு எழுதவில்லை. தூணில் யார் பெயர் இல்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள்: ரயில்பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர்கள் சிப்பாய்கள் இல்லை, அதனால் அங்கே இல்லை.

எண்ணிக்கை

சூக் சிங்கில், அதாவது 1942இல் ஜப்பானியர் சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற படுகொலையில், இறந்தவர்கள் எத்தனை? ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது சுமார் 5,000. சீன சமூகத்தின் மதிப்பீடுகள் 50,000 வரை போகின்றன. நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து எழுதாதீர்கள். யார் எண்ணினார்கள், எப்போது, எதற்காக என்று எழுதுங்கள். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்கும் இதே விதி. நேசப்படைக் கைதிகளில் 12,000க்கு மேல் இறந்தார்கள் என்று கிட்டத்தட்ட ஆள்வாரியாகச் சொல்ல முடிகிறது, அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஆசியத் தொழிலாளர்கள் விஷயத்தில் மதிப்பீடுகள் பத்தாயிரக்கணக்கில் ஏறி இறங்குகின்றன. ஏன் இந்த வித்தியாசம் என்பதே ஒரு குழுவுக்கு நல்ல தலைப்பு.

குழுவுக்குள் வரும் சங்கடம்

நம் பிள்ளைகளுக்கு நேதாஜி என்றால் உடம்பு சிலிர்க்கும். 1943 ஜூலை 5 பாடாங் அணிவகுப்பு, அக்டோபர் 21 கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்க அறிவிப்பு, எல்லாம் நம் ஊரில் நடந்தது. ஆனால் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தாவை அழைத்துப்போய்ச் சுட்டது அந்த அரசாங்கத்தின் கூட்டாளியான ஜப்பானியப் படை. இதை மழுப்பினால் ஆய்வு விளம்பரமாகிவிடும். மழுப்பாமல் பேசச் சொல்வேன், ஆனால் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஐஎன்ஏவில் ஒருவர் நாட்டுப்பற்றால் சேர்ந்தார், ஒருவர் கைதி முகாமிலிருந்து தப்பச் சேர்ந்தார், ஒருவர் தோட்டத்துப் பசியிலிருந்தும் ரயில்பாதைக்கு ஆள்பிடிப்பவர்களிடமிருந்தும் தப்பச் சேர்ந்தார். ஒரே ஆளுக்கு மூன்றும் காரணமாக இருந்திருக்கலாம். "துரோகி", "தியாகி" என்ற சொற்களை, வகுப்பில் ஆய்வைப் படைத்து முடிக்கும்வரை யாரும் சொல்லக்கூடாது என்பது என் வகுப்பு விதி. சொல்லாமல் விளக்கப் பாருங்கள், வாக்கியம் தானாக நீளும், நுணுக்கமாகும்.

படைப்பு

நாடகம் போடாதீர்கள். காக்கி உடுத்தி, மூக்கால் கத்தி, நண்பனைப் பொய்யாக அறையும் காட்சியை வருடா வருடம் பார்க்கிறேன். வகுப்பு சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அப்புறம் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. போர்க்கால உணவு என்று அவித்த மரவள்ளிக்கிழங்கும் எல்லாக் குழுவும் கொண்டுவரும். தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் போட்டு! கொண்டுவாருங்கள், நானும் சாப்பிடுவேன். ஆனால் அரிசி ஏன் நின்றது, எந்தத் துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, கிழங்கை எந்த நிலத்தில் யார் நட்டார்கள் என்று கேட்பேன். பதில் தெரியாவிட்டால் அது சிற்றுண்டி.

பதினைந்து நிமிடம் கொடுத்தால் பத்து நிமிடம் உங்கள் கேள்விக்கும் சான்றுகளுக்கும் வையுங்கள். போரின் பின்னணி இரண்டு நிமிடம் போதும், வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். ஒரே ஒரு சான்றைத் திரையில் பெரிதாகப் போட்டு, அதை எப்படிப் படித்தீர்கள் என்று வரி வரியாகக் காட்டுங்கள். இரண்டு சான்றுகள் ஒத்துப்போகாத இடத்தை ஒளிக்காமல் காட்டுங்கள். அங்கேதான் நான் மதிப்பெண் போடுவேன். கேள்வி நேரத்தில் சான்றைத் தேடியவரை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பேன், அதற்கும் தயாராக வாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேட்டிப் பதிவின் ஒரு பிரதியை அந்தப் பாட்டி வீட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டும். தம்ப்டிரைவில் போட்டு, யார், எங்கே, எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். "ஃபைனல் ஃபைனல் 2" என்று பெயர் வைத்த கோப்பை நான் வாங்குவதில்லை. பேரப்பிள்ளைகளில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள், அது வந்த பிறகுதான் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவேன்.